வேண்டியது மட்டும் காதில் விழுகிறதா?

காது மந்தமான பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் தவறாமல் கேட்கும் புகார் இது: "நாம கூப்பிட்டா கேட்காது. அவங்களைப் பத்தி மெதுவா பேசினா மட்டும் கேட்டுடும்." கேட்பியல் பரிசோதனைக்கு அழைத்து வரும்போது பாதிப் பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டும் மீதிப் பேர் கோபமாகவும் சொல்கிறார்கள். அந்தப் பெரியவர் நடிப்பதில்லை. காதும் அறையும் பேசுபவரின் முகமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

வயதால் வரும் செவித்திறன் குறைவு முதலில் கீச்சு ஒலிகளில்தான் தொடங்கும். ஒலி எவ்வளவு கீச்சு என்பதை ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள்; உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்சுக்குக் கீழே இருக்கிறது. ச, ட, த, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலித் துணுக்குகள் 2000 ஹெர்ட்சுக்கு மேலே இருக்கின்றன. கீச்சு ஒலிகளைப் பிடிக்கும் திறன் தேய்ந்த காதுக்குக் கடை, சடை, தடை, படை எல்லாமே ஏறக்குறைய "அடை"தான். குரல் வருவது தெரியும், பேசுவது யார் என்றும் தெரியும், சொல் மட்டும் தெரியாது. அதனால்தான் "கேட்குது, புரியல" என்கிறார்கள். அது மழுப்பல் இல்லை, துல்லியமான விவரிப்பு. பேரக்குழந்தையின் மெல்லிய குரலை விட மகனின் கட்டைக்குரல் எளிதாகப் பிடிபடுவதற்கும் இதுவே காரணம்.

விட்டுப்போன எழுத்தை மூளை எங்கிருந்து நிரப்புகிறது? பாதியைப் பேச்சின் சூழலிலிருந்தும் பாதியை உங்கள் முகத்திலிருந்தும். தேய்ந்த காது குழப்பிக்கொள்ளும் "கல்", "பல்" இரண்டும் கண்ணுக்கு நொடியில் தெரியும், ஏனென்றால் ப சொல்ல உதடு மூட வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "பணம்", "மணம்" இரண்டைக் காது பிரித்துவிடும், மகரத்தின் மூக்கொலி தாழ்ந்த ஒலி என்பதால். ஒன்றின் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது. இது காது மந்தமானவர்களின் தனித்திறமை என்று நினைக்க வேண்டாம். 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் உதட்டில் ஓர் அசையும் ஒலியில் வேறோர் அசையுமாகச் சேர்த்துக் காட்டினார்கள். நல்ல காதுள்ள பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமில்லாத மூன்றாவது அசை கேட்டது. நாம் எல்லோருமே கண்ணாலும் கேட்கிறோம்.

இந்த இடத்தில்தான் கத்துவது கெடுக்கிறது. கத்தும்போது ஏறுவது பெரும்பாலும் உயிரெழுத்தின் சத்தம். தேவைப்பட்ட மெல்லிய வல்லின ஒலி அதற்கடியில் அமுங்கிப்போகிறது. வாய் அகலமாகத் திறப்பதால் உதட்டின் வடிவமும் மாறுகிறது. உள்செவி பழுதான பலருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் சற்றே ஏற்றினால் சட்டென்று காதைக் குத்தும். "கேட்கலைன்னு சொன்னாங்க, சத்தமா சொன்னா எதுக்குக் கத்துறேன்னு திட்டுறாங்க" என்று பிள்ளைகள் நொந்துகொள்வது இதனால்தான். எல்லாவற்றையும் விட, கத்துகிறவரின் முகத்தைப் பாருங்கள். புருவம் நெரிந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். "மாத்திரை போட்டாச்சா?" என்ற அக்கறை எதிரே இருப்பவரிடம் வசவாகப் போய்ச் சேர்கிறது. சொல்லைத் தவறவிட்டவர் முகத்தைத் தவறவிடுவதில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபலாக இருக்கும் சாதாரணப் பேச்சு, திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் இழக்கும். வீட்டுக்குள் அவ்வளவு குறையாது. ஆனால் டைல்ஸ் தரையின் எதிரொலி சொல்லின் ஓரங்களை மழுக்கிவிடும். அருகே வந்து, முன்பக்கமாக நின்று, "அம்மா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு விஷயத்தைத் தொடங்குங்கள். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும், ஆகவே வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும். மிக்ஸி, டிவி சீரியல், டேபிள் ஃபேன் எது ஓடினாலும் அரை நிமிடம் நிறுத்துங்கள். வெற்றிலை மென்றுகொண்டோ, செல்போனைப் பார்த்துக் குனிந்தோ பேசாதீர்கள். கல்யாண மண்டபத்தில் மேளம் முழங்கும்போது முக்கியமான எதையும் சொல்ல முயல்வதே வீண்; வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொல்லலாம்.

வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். "அப்...பா... சாப்...பி...டு" என்று உடைத்தால் பேச்சின் இயல்பான ஓட்டம் போய்விடும், ஓட்டம் இல்லாமல் ஊகிக்க முடியாது. எதைப் பற்றி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்: "பேங்க் விஷயம்பா" என்று ஆரம்பித்துவிட்டால், அடுத்து வரும் பாஸ்புக்கும் கையெழுத்தும் பாதி கேட்டாலே பிடிபட்டுவிடும். ஒருமுறை அப்படியே திரும்பச் சொல்லுங்கள். அப்போதும் புரியவில்லையென்றால் சொல்லை மாற்றுங்கள். "சாவி எங்க?" விழவில்லையா, "பீரோவை எப்படித் திறக்கிறது?" என்று கேட்கலாம். எண்களை விரலால் காட்டியே சொல்லுங்கள். ஆறும் நூறும் மாறினால் வீட்டில் சண்டை, மாத்திரைக் கணக்கு மாறினால் ஆபத்து.

இனி தலையாட்டல். நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து "ம்ம்" என்றால் சரி என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள், பேச்சு முடிந்தால் போதும் என்றும் பொருள். மூன்றாவது முறை "என்ன?" என்று கேட்கக் கூசுகிறவர் இந்தத் தலையாட்டலுக்குள் ஒளிந்துகொள்வார். அடையாளம் உண்டு: கேள்வி கேட்டாலும் அதே சாய்ப்பு, மற்றவர்கள் சிரித்து அரை நொடி கழித்து வரும் சிரிப்பு, உங்கள் வாயையே பார்க்கும் கண். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் பதில் வரும். "அப்போ நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்று கேளுங்கள், உண்மை தெரிந்துவிடும்.

கேட்பவர் பக்கமும் ஒரு பழக்கம் தேவை. வெறும் "ஆங்?" எதிராளியை மறுபடி கத்தத்தான் வைக்கும். "வியாழக்கிழமைங்கிறது வரைக்கும் கேட்டுது, அப்புறம் என்ன?" என்றால் விடுபட்ட துண்டு மட்டும் வரும். அப்படிக் கேட்கிறவரிடம் "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டில் எல்லோரும் சிரித்த விஷயத்தைத் தனக்கு மட்டும் சொல்லவில்லை என்பது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

மாலையில் காலையை விடக் குறைவாகப் புரிந்தால் அது களைப்பு. நாள் முழுக்க ஊகித்து ஊகித்து மூளை ஓய்ந்திருக்கும். சில மாதங்களாகவே மந்தம் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குறும்பி அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பட்ஸும் காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். அதன் பிறகு 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான செவித்திறன் பரிசோதனை. ஆனால் நேற்றுவரை நன்றாகக் கேட்ட ஒரு காது திடீரென்று, அல்லது மூன்று நாளுக்குள், அடைத்ததுபோல் ஆகிவிட்டால் சளி என்று காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குத்தான் பலன் தரும், ஆகவே அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.