சோசியலை ஒப்பிக்க வைக்கும் பெற்றோருக்கு

கடலூரில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் அதிகம் காதில் விழுவது இதுதான்: "சார், புக் பேக் எல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறான், பரீட்சையில கொஞ்சம் மாத்திக் கேட்டா முழிக்கிறான்." முழிக்கத்தான் செய்வான். 1690, 1746, 1758, 1761 என்று போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான், நடுவில் யார் யாரோடு எதற்குச் சண்டை போட்டார்கள் என்று வீட்டிலும் கேட்பதில்லை, வகுப்பிலும் பல நேரம் கேட்பதில்லை.

இத்தனைக்கும் அந்த நாலு வருஷமும் நம்ம ஊர்க் கதை. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியால் சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது, குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அதே பேரோடு இருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாராவுக்குப் போக முடியாது, பிள்ளைகள் விடமாட்டார்கள். பீரங்கி யாருடையது, எவ்வளவு பெரியது, அங்கே குடியிருந்தவர்களிடம் யாராவது கேட்டார்களா, அதற்கப்புறம் வரியை யாருக்குக் கட்டினார்கள்? ஒரு பீரியட் போய்விடும். போகட்டும். வியாபாரத்துக்கு வந்த கம்பெனி எப்படி ஆட்சிக்கு நகர்ந்தது என்ற எட்டாம் வகுப்புப் பாடத்தில் பாதி இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடுகிறது.

அப்புறம் மற்ற வருஷங்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும் ஆங்கிலேயரின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு வந்தது, 1752 வரை இங்கேதான். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார், கோட்டை இடிக்கப்பட்டது. 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது, இங்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் அந்த ஊரை அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். "ஏன் சார் அப்படி இடிச்சாங்க?" என்று கேட்பவனிடம் 1758இல் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்டால் போதும்.

இன்னொரு சிக்கல், இந்த வயதில் காலத்தின் நீளம் பிடிபடுவதில்லை. ராஜராஜன், புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே, பாரதியார் எல்லாரும் 'அந்தக் காலத்து' ஆட்கள், அவ்வளவுதான். வராந்தாவில் கயிறு கட்டி, ஒரு முனை இன்றைக்கு, அங்கிருந்து பின்னோக்கி ஒரு அடிக்கு 100 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறிய 1954 முக்கால் அடிகூட வராது. 1690 மூன்றடியைத் தாண்டி நிற்கும், தஞ்சைப் பெரிய கோயில் பத்தடியில், ரோமானியரோடு வணிகம் நடந்த அரிக்கமேடு இருபதடி தள்ளி வராந்தாவின் கடைசிக்கே போய்விடும். செலவு கயிறும் சாக்பீஸும்தான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது போனில் வரும் வரலாறு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட ஏதோ ஒரு பார்வர்டைக் காட்டி "இது உண்மையா சார்" என்கிறான், கேட்கிறானே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான், கேட்காமல் நம்புகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு நான் ஆனந்தரங்கப் பிள்ளையைக் காட்டுகிறேன். புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் 1761இல் சாகும்வரை அன்றாடப் பேச்சுத் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில் அங்கிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். இதை மறைக்கவும் கூடாது, ஆத்திரத்தைக் கிளப்பும்படி சொல்லவும் கூடாது. எழுதியவர் யார், யாரிடம் வேலை பார்த்தார், கண்ணால் பார்த்ததை எழுதினாரா, காதில் விழுந்ததையா? டூப்ளேயின் ஆளாக இருந்துகொண்டே அவருக்குப் பிடிக்காததை எழுதியிருக்கிறாரே, அதனால் அந்தச் சாட்சியம் வலுக்கிறதா? இதே சம்பவத்தை ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இதை அழகாகப் பிரித்துப் பேசுவார்கள், பல பெரியவர்களைவிட நிதானமாக. இதே கேள்விகளை அந்த பார்வர்டின் மேல் போட்டால், எழுதியவர் யார் என்ற முதல் கேள்வியிலேயே பெரும்பாலும் அது படுத்துவிடும்.

மார்க் என்னாகும் என்பீர்கள். ஒரு மார்க் கேள்விகளுக்கு ஒப்பிக்கத்தான் வேண்டும், அதைப் பரீட்சைக்கு முந்தின வாரம் பார்த்துக்கொள்ளலாம், விவரம் புரிந்த பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை. மற்ற நாளில் "எந்த வருஷம்?" என்று கேட்கும் இடத்தில் "அது நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். லீவில் புதுச்சேரி பீச்சுக்குப் போனால் பக்கத்திலேயே அருங்காட்சியகம், அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது இத்தாலியில் செய்த பானை ஓடுகள் கிடைத்தன, அவை எந்தக் காலத்தவை என்பது ஏற்கெனவே தெரிந்திருந்ததால் அந்த மண்ணடுக்கின் காலமும் பிடிபட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடாமல், ஒரு உடைந்த ஓட்டை வைத்து 2000 வருஷம் என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று பிள்ளையையே யோசிக்க விடுங்கள். அவன் சொல்லும் பதில் சரியா தப்பா என்று உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை என்னிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள்.