இரட்டைத் தாவல் சேர்க்கச் சொல்வதற்கு முன்

சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவர் தாம் உருவாக்கிய பிளாட்பார்ம் கேமை (மேடைக்கு மேடை தாவிச் செல்லும் வகை) எனக்கு அனுப்பி, இதை இனி என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கேம் உருவாக்க உதவும் கோடோ மென்பொருளில் மூன்று மாதம் உழைத்துச் செய்த எட்டு லெவல்கள். விளையாடிப் பார்த்த நண்பர்களில் பலரும் தாவல் சரியில்லை, இரட்டைத் தாவல் சேர்த்துவிடு என்று சொல்ல, அவரும் சேர்த்திருக்கிறார். அந்தரத்தில் இன்னொரு முறை தாவ முடிந்ததும், அவர் அளந்து அளந்து வைத்த பள்ளங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஐந்தாவது லெவலில் கூரைமேல் ஏறி நடந்தே வாசலை அடைந்துவிடலாம். அதைச் சரிக்கட்டப் பள்ளங்களை அகலமாக்கினார். இப்போது அதே நண்பர்கள் மிகக் கடினம் என்கிறார்கள். இந்த ஆண்டில் இப்படிக் கெடுக்கப்பட்டு என்னிடம் வந்த நான்காவது கேம் இது. பொறுமை போய்விட்டதால்தான் எழுதுகிறேன்.

பழைய பதிப்பைக் கேட்டு வாங்கி விளையாடினேன். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. மேடையின் விளிம்பைக் கால் தாண்டிய அடுத்த ஃபிரேமிலேயே, அதாவது திரையில் தோன்றும் அடுத்த படத்திலேயே, தாவல் மறுக்கப்பட்டது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி. அந்தத் துல்லியத்தை எந்த விரலிடமும் எதிர்பார்க்க முடியாது. விளிம்பிலேயே அழுத்தினேன், கேம்தான் ஏமாற்றிவிட்டது என்று விளையாடுபவர் சத்தியம் செய்வார். இதற்கு எங்கள் தொழிலில் கயோட்டி டைம் என்று ஒரு பழைய மருந்து உண்டு. பாறையைத் தாண்டி ஓடிய பின்னும் சற்று நேரம் அந்தரத்தில் நிற்கும் கார்ட்டூன் விலங்கின் பெயரால், விளிம்பை விட்ட பிறகும் கண நேரம் தாவ அனுமதிப்பதை அப்படி அழைக்கிறோம். இருவர் நான்கு நாளில் செய்த முன்மாதிரியிலிருந்து வளர்ந்து 2018-இல் வெளிவந்த செலஸ்ட், கடினத்துக்குப் பெயர்போன கேம். அதிலேயே இந்தச் சலுகை 0.1 நொடி இருக்கிறது. மாணவரின் கேமில் இதைச் சேர்க்க ஆறு வரி நிரல் போதுமானதாக இருந்தது.

நண்பர்களுக்கு அவர்மீது அக்கறை இல்லாமல் இல்லை. தீர்வு சொன்னால்தான் அது ஆக்கபூர்வமான விமர்சனம் என்ற தவறான எண்ணமே அவர்களை இப்படிப் பேச வைக்கிறது. தையற்காரரிடம் சட்டையைப் போட்டுக் காட்டும்போது, கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது என்று சொல்கிறோமே தவிர, கத்தரிக்கோலை வாங்கி நாமே வெட்டுவதில்லை. எங்கே பிடிக்கிறது என்பது போட்டவருக்குத்தான் தெரியும். எந்தத் தையலைப் பிரிக்க வேண்டும் என்பது தைத்தவருக்குத்தான் தெரியும். கேமிலும் அப்படித்தான். உங்களுக்கு ஏற்பட்ட எரிச்சல் முழு உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கு நீங்கள் கற்பிக்கும் காரணம் பெரும்பாலும் ஊகமே. எதிரிகள் அதிகம் என்று ஒருவர் சொன்னால், போகும் திசையைக் கேமரா முன்கூட்டிக் காட்டவில்லை என்பதே சிக்கலாக இருக்கலாம். இன்னும் இரண்டு உயிர் கொடு என்பவர் உண்மையில் செத்தபின் மீண்டும் தொடங்கும் இடமான செக்பாயின்ட் தொலைவில் இருப்பதால் சலித்துப்போனவர். முட்களைக் குறைக்கச் சொல்பவர், படத்தில் தெரியும் முள்ளைவிடப் பெரிதாக வைக்கப்பட்ட மோதல் எல்லையில் (முள் பட்டதாக நிரல் கணக்கிடும், கண்ணுக்குத் தெரியாத பரப்பில்) பட்டுச் செத்தவர். மூவரும் கேட்டதை அப்படியே செய்துகொடுத்தால் கேம் எளிதாகும். எரிச்சல் அங்கேயே இருக்கும்.

மரியோ மாதிரி இல்லை என்ற கருத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு பண்பை எடுத்து ஒப்பிடுங்கள்: 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் பொத்தானைத் தொட்டு விட்டால் சிறு தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல், இதில் எப்படி அழுத்தினாலும் ஒரே உயரம் என்று சொன்னால் அதை வைத்து கேம் செய்தவர் வேலை செய்ய முடியும்.

முதல் முறை விளையாடுவது ஒரே ஒரு முறைதான் நடக்கும், அதை வீணாக்காதீர்கள். தொடங்கும் முன்பே திரைப்பதிவை ஓட விடுங்கள். விழுந்த இடத்தையும், விழும் முன் என்ன நினைத்தீர்கள் என்பதையும் உடனே குறித்துவிடுங்கள். நான்காவது முயற்சியில் கை பழகிவிடும், குறை மறைந்துவிடும். கீபோர்டா கேம்பேடா என்று எழுதுங்கள். திரையின் வேகத்தையும், அதாவது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ஹெர்ட்ஸ் கணக்கையும், எழுதுங்கள்: நகர்வைத் திரை ஃபிரேமோடு பிணைத்து நிரல் எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, அப்படிப்பட்ட கேம் 144 ஹெர்ட்ஸ் திரையில் தலைதெறிக்க ஓடும். (ஒரே கேமைப் பற்றி, ஆமை வேகம் என்றும் கட்டுக்கடங்காத வேகம் என்றும் இரண்டு பேர் சண்டையிட்டதைப் பார்த்திருக்கிறேன். இருவர் சொன்னதும் சரி.)

பிடித்ததையும் இடம் சுட்டிச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். மொத்தமாக நன்றாக இருக்கிறது என்றால் அவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் ரசித்த அந்த ஊசலாடும் மேடையை அடுத்த பதிப்பில் அவரே நீக்கிவிடக்கூடும்.

கேம் செய்தவருக்கும் ஒன்று: விளையாடுபவரின் பின்னால் நின்றுகொண்டு, அங்கே குதி, இங்கே நில் என்று சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு அவர் விரல்களைப் பாருங்கள். உங்கள் கேமை நாளை வேறொருவர் தனியாக விளையாடும்போது விளக்கம் சொல்ல நீங்கள் கூட இருக்கப்போவதில்லை.

மாணவர் இரட்டைத் தாவலை நீக்கி, பள்ளங்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து நேற்று மறுபடியும் அனுப்பினார். நான் எழுதிய பதில் இவ்வளவுதான்: "மூன்றாவது லெவல், இரண்டாவது ஏணிக்கு அடுத்த பள்ளம். நான்கு முறை விழுந்தேன். கீழே மேடை இருக்கிறதா இல்லையா என்பது குதிக்கும் முன் திரையில் தெரியவில்லை. கீபோர்டு, 60 ஹெர்ட்ஸ். அதற்கு முந்தைய ஊசல் மேடையில் கை வைக்க வேண்டாம், அது அருமையாக இருக்கிறது."