சைபர்: சுழியா, சுக்கானா?

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு டீக்கடை. எம்.எல்.ஏ.க்களுக்கு சைபர் சட்டம் பற்றிப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று ஒருவர் பேச்செடுத்தார். பெஞ்சில் இருந்த பெரியவர், "சைபருக்கு எதுக்கு மக்களே பயிற்சி? ஒரு வட்டம் போட்டா தீந்துல்லா" என்றார். கடையே சிரித்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் தலைமுறைக்கு சைபர் என்றால் பூஜ்யம்தான். கணக்கில் சைபர் வாங்கிப்போனால் வீட்டில் அடி விழும்.

தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் பெரியவரின் சைபரும் சைபர் சட்டத்தின் சைபரும் இரண்டு வேறு சொற்கள். பெரியவரின் சைபர் நம் நாட்டிலிருந்து போய்த் திரும்பி வந்தது. சமஸ்கிருத 'சூன்ய'த்தை அரபியர் 'ஸிஃப்ர்' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். வெறுமை என்று பொருள். அது ஐரோப்பாவுக்குப் போய் 'ஜீரோ'வாகவும் 'சைஃபர்' ஆகவும் பிரிந்தது. சைஃபருக்குச் சுழி என்ற பொருளோடு ரகசியக் குறியெழுத்து என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. இணையத்தில் மறையீடு, அதாவது தகவலை ரகசியக் குறியாக மாற்றி அனுப்புவது, பற்றிப் பேசும்போது பெரியவரின் சைபரும் பக்கத்தில்தான் நிற்கிறது!

எம்.எல்.ஏ.க்களின் சைபர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'குபெர்நெதெஸ்' என்றால் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். நார்பர்ட் வீனர் என்ற கணித அறிஞர் 1948-ல், இயந்திரமும் உயிரும் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் முறையை ஆராயும் துறைக்கு இந்தச் சொல்லிலிருந்து 'சைபர்நெடிக்ஸ்' என்று பெயர் வைத்தார். வில்லியம் கிப்சன் 1982-ல் ஒரு சிறுகதையில் அதன் தலையை மட்டும் வெட்டியெடுத்து 'சைபர்ஸ்பேஸ்' என்றார். அப்புறம் கணினி தொடர்பான எதற்கு முன்னாலும் சைபர் ஒட்டிக்கொண்டது.

அதே கிரேக்கச் சொல் லத்தீன் வழியாக இன்னொரு பக்கமும் போனது. கவர்னர், கவர்ன்மென்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். சைபரும் சர்க்காரும் ஒரே சுக்கானைப் பிடித்தவர்கள். குளச்சலிலும் முட்டத்திலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாம் சொல்லும் சுக்கானும் அரபிச் சொல்தான். மாலுமியையும் 'முஅல்லிம்' என்ற அரபிச் சொல்லிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள். முஅல்லிம் என்றால் ஆசிரியர். பயிற்சி என்று தொடங்கிய பேச்சுக்கு இது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இணைய' என்று போடுவதுதான் பெருவழக்கு. போலீசிலும் 'இணையவழிக் குற்றப்பிரிவு' என்றே பெயர். ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுகிறவனைப் பற்றி 1930 என்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லும் அளவுக்கு இந்தச் சொல் போதும். சட்டம் எழுதுகிறவருக்குத்தான் போதாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் வந்தது. 'சைபர் செக்யூரிட்டி'க்கான வரையறை அதில் 2008-ம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. தகவல், கருவி, கணினி, தொடர்புச் சாதனம், அவற்றில் சேமித்திருக்கும் தகவல் எல்லாவற்றையும் அனுமதியில்லாத அணுகல், பயன்பாடு, வெளியிடல், இடையூறு, மாற்றம், அழிப்பு ஆகியவற்றிலிருந்து காப்பது என்கிறது அந்த வரையறை. இணைய இணைப்பு இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை.

உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். 2019-ல் அணுமின் நிலைய நிர்வாகப் பிரிவின் ஒரு கணினியில் தீநிரல் (வைரஸ் போன்ற கெடுதல் செய்யும் நிரல்) புகுந்திருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இணையத்தோடு இணைந்தது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றார்கள். ஆனால் தனியாக இருக்கும் அமைப்புக்கும் காவல் வேண்டுமே. ஒரு பென்டிரைவ் போதும் உள்ளே நுழைய. 'இணையப் பாதுகாப்பு' என்று எழுதினால், படிக்கிறவர் மனதில் அந்தத் தனி அமைப்பு வரவே வராது.

சட்டத்தில் சொல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு, கணினி, போன் வழியாக அனுப்பும் செய்திகளுக்காகத் தண்டிக்க அதே சட்டத்தில் இருந்த 66ஏ பிரிவைப் பார்க்கலாம். 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்ற அளவுக்கு வரையறையில்லாத சொற்களை வைத்து ஆட்களைக் கைது செய்தார்கள். 2015-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. என்னைக் கேட்டால், பயிற்சியின் முதல் நாள் கணினியைத் திறக்கவே வேண்டாம். இந்த ஒரு பிரிவைச் சொல் சொல்லாக வாசித்தால் போதும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் நாடாளுமன்றத்தின் கையில் இருந்தாலும் காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே எம்.பி.க்கு மட்டுமல்ல, குமரியின் ஆறு எம்.எல்.ஏ.க்களுக்கும் இதில் வேலை உண்டு.

என் தேர்வு இதுதான்: பேச்சில் சைபர் இருந்துவிட்டுப் போகட்டும். வலைவழி மோசடிக்கு இணையவழிக் குற்றம். சைபர்ஸ்பேஸை மின்வெளி என்று வைத்துக்கொண்டு, சட்ட வாசகத்துக்கு மின்வெளிப் பாதுகாப்பு. 'மின்' என்றால் மின்வாரியம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். மின்னஞ்சல் என்று சொல்லும்போது யாருக்கும் கரண்ட் பில் நினைவுக்கு வருவதில்லையே.