குலுக்கலில் லூட்டீசியம் விழாவிட்டால் ஓடிவிடுவதா?

புராஸ்டேட் புற்றுநோய்க்கான லூட்டீசியம் என்ற கதிர்வீச்சு ஊசியைச் சோதிக்கும் ஆய்விலிருந்து மறுபடியும் ஒருவர் விலகிவிட்டார். பெட் ஸ்கேனில் முதுகெலும்பு, இடுப்பு என்று பிஎஸ்எம்ஏ (புராஸ்டேட் புற்றணுக்களின் மேல் இருக்கும், இந்த ஊசி தேடிப்போய் ஒட்டும் புரதம்) பளிச்சென்று தெரிந்தது, எல்லாம் படித்துத்தான் கையெழுத்தும் போட்டார், ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்று பிரிக்கும் கணினிக் குலுக்கலில் லூட்டீசியம் பிரிவு கிடைக்கவில்லை என்றதும் "அப்போ எனக்கு வெறும் உப்புத் தண்ணிதானா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

உப்புத் தண்ணியெல்லாம் இல்லைங்க. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு லூட்டீசியம்-177 பிஎஸ்எம்ஏ-617 மருந்தைச் சோதித்த விஷன் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 831 பேர். மூவரில் இருவருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஊசி, மற்றவருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கும் போலி ஊசி கிடையாது, யாரையும் சும்மா விட்டுவிடவும் இல்லை. ஆனால் அங்கேயும் இதே கூத்துதான்: தொடக்கத்தில், ஊசி கிடைக்காத பிரிவில் 56 சதவீதம் பேர் ஏமாற்றத்தில் விலகிவிட்டார்கள். ஆய்வு நடத்தியவர்கள் தலையில் கை வைத்து, மையங்களுக்குப் பாடம் எடுத்து, அதை 16 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். நோய் எத்தனை மாதம் பெருகாமல் இருந்தது என்ற கணக்கை அதற்குப் பிறகு சேர்ந்த 581 பேரை வைத்துத்தான் போட முடிந்தது. ஊசிப் பிரிவில் பாதிப் பேர் 15.3 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், மற்றப் பிரிவில் அது 11.3 மாதம் என்று 2021-இல் சொல்ல முடிந்ததற்கு, ஊசி கிடைக்காமலும் தங்கியவர்கள்தான் பாதிக் காரணம்.

"நல்ல மருந்துன்னா எல்லாருக்கும் போட வேண்டியதுதானே?" என்பார்கள். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் ரேடியம்-223 என்ற கதிர்வீச்சு ஊசி நல்ல மருந்துதான், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் அபிராடிரோன் மாத்திரையும் நல்ல மருந்துதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு முறிவு கூடியது. சோதிக்காமல் கொடுத்திருந்தால் எத்தனை இடுப்பு உடைந்திருக்கும்!

ஆகவே கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள்: ஊசி விழாவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை, நோய் கூடினால் அந்த ஊசிக்கு மாற வழி உண்டா? சில ஆய்வுகளில் உண்டு. பிடிக்கவில்லையா, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் உரிமை. தயவுசெய்து சொல்லிவிட்டுப் போங்கள், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்குமாவது வந்துபோங்கள்.

ஊசி விழுந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை, இது கதிர்வீச்சு மருந்து என்பதால். தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், உட்கார்ந்தே போங்கள், கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. வாய் வறண்டால் அடுத்த தவணை வரை பொறுக்காமல் சொல்லுங்கள். பேரக் குழந்தைகளை ஒரு வாரம் மடியில் வைக்காதீர்கள். கர்ப்பிணி மகள் வீட்டில் இருந்தால் 15 நாள் வேறு அறையில் படுங்கள், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்றாம் நாளே கிளம்பி வராதீர்கள்.