உங்கள் பார்சருக்கு நீங்கள் மட்டுமே டெஸ்ட் எழுதாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் ஓர் உதவிப் பக்கத் தளத்துக்காக, மார்க்டவுனை (நட்சத்திரம், அடைப்பு போன்ற குறிகளால் வடிவம் சொல்லும் எளிய எழுத்துமுறை) எச்டிஎம்எல்லாக மாற்றும் பார்சர் ஒன்றை, அதாவது உரையைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் நிரலை, எங்கள் குழுவிலேயே எழுதினோம். தடித்த எழுத்துக்கு, இணைப்புக்கு, பட்டியலுக்கு என்று கையாலேயே டெஸ்ட் எழுதிச் சேர்த்தோம். எல்லாம் பச்சை, ஒன்றும் தோற்கவில்லை. ரிலீஸ் ஆன கொஞ்ச நாளிலேயே யாரோ ஒரு பெரிய லாக் கோப்பை அப்படியே ஒட்டிவிட்டார். அதில் மூடப்படாத சதுர அடைப்புக்குறிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சர்வர் நின்றுவிட்டது.

ஒவ்வொரு திறப்புக் குறிக்கும் ஜோடியைத் தேடி, எங்கள் கோட் கோப்பின் கடைசி வரை ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்த அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு குறியை மூடாமல் விடும் டெஸ்ட் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. ஆயிரம் குறிகளை விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பார்சரை எழுதியவரே டெஸ்டையும் எழுதும்போது, கோடில் யோசிக்காமல் விட்டது டெஸ்டிலும் விடுபட்டுப்போகும். அதனால்தான் இன்புட்டை உருவாக்கும் வேலையைக் கணினியிடமும் கொடுங்கள் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் சொல்லி வருகிறேன்.

இது புதிய யோசனை இல்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லரும் மாணவர்களும் யூனிக்ஸ் கருவிகளுக்குக் கண்டபடி எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கில் ஒரு பங்குக்கு மேல் கிராஷ் ஆனது அல்லது தொங்கியது; 1990-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. இப்படிக் கண்டபடி இன்புட் கொடுத்துச் சோதிப்பதற்கு ஃபஸ்ஸிங் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

மார்க்டவுனுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அதில் இலக்கணப் பிழை என்பதே கிடையாது. எந்த எழுத்துக்கோவையைக் கொடுத்தாலும் பார்சர் ஏதாவது ஒரு விடை தந்தாக வேண்டும். நட்சத்திரம், அடிக்கோடு, அடைப்புகள், இடைவெளி, புதுவரி என்று 12 குறிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எழுத்து நீளத்தில் மொத்தமே 20,736 கோவைகள்தான். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம், டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். இன்னொரு எளிய வழி, இருக்கிற ஆவணத்தை ஒவ்வொரு பைட்டிலும் வெட்டிப் பார்ப்பது. 500 பைட் கோப்பு ஒன்றிலிருந்தே 500 டெஸ்ட் கிடைக்கும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால், பாதி எழுத்தில் வெட்டுப்பட்ட இன்புட்டும் சேர்ந்தே கிடைக்கும்.

வெட்டிப் பார்ப்பதை லேசாக எண்ண வேண்டாம். 2017 பிப்ரவரியில் வெளிவந்த, பல தளங்களுக்கு நடுவில் நின்று பக்கங்களைக் கடத்தித் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் தகவல் கசிவான கிளவுட்பிளீட் பிரச்சினையின் வேர் ஓர் எச்டிஎம்எல் பார்சர்தான். பக்கம் பாதி எழுதிய டேக் அட்ரிபியூட்டோடு முடிந்துபோனால், அந்தப் பார்சரில் படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி (பாயிண்டர்) நினைவகப் பகுதியின் எல்லையைத் தாண்டிவிடும். எல்லையைச் 'சமமா' என்று மட்டும் சோதித்ததால், தாண்டிய பிறகு அது நிற்கவில்லை. மற்ற தளங்களின் குக்கீகளும் கடவுச்சொற்களும் வெளியே கசிந்தன. கூகுளின் டாவிஸ் ஓர்மண்டி வேறு வேலையாக இருந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு பழைய மென்பொருள்களை ஃபஸ்ஸிங் செய்யத் தொடங்கியதாகக் கிளவுட்ஃபிளேரே எழுதியது.

சரி, இன்புட்டைக் கணினி எழுதிவிடும். சரியான விடை எது என்று யார் சொல்வது? நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். விடை முழுவதும் தெரிய வேண்டியதில்லை, எந்த இன்புட்டுக்கும் மாறாத சில பண்புகள் தெரிந்தால் போதும். கிராஷ் ஆகக் கூடாது. திறந்த டேக் எல்லாம் மூடியிருக்க வேண்டும். இன்புட்டை இரட்டித்தால் நேரமும் ஏறக்குறைய இரட்டிக்கலாம், நான்கு மடங்காகக் கூடாது. இந்தக் கடைசிப் பண்பு ஒன்று இருந்திருந்தால் எங்கள் சர்வர் நின்றிருக்காது. இவற்றோடு, மார்க்டவுனுக்குத் திட்டவட்டமாக எழுதப்பட்ட விதித்தொகுப்பான காமன்மார்க்கின்படி எழுதிய பார்சர் என்றால், அதன் மாதிரிப் பார்சரிடமும் அதே இன்புட்டைக் கொடுத்து இரண்டு விடைகளையும் ஒப்பிடலாம். அந்த விதித்தொகுப்பில் உள்ள 600க்கும் மேற்பட்ட உதாரணங்களையே ஒரு ஸ்கிரிப்ட் டெஸ்டாக ஓட்டித் தருகிறது.

தமிழுக்காக எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இன்புட்டை உருவாக்கும் உங்கள் ஜெனரேட்டரின் எழுத்துப் பட்டியலில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் இருக்கட்டும். தலைப்பிலிருந்து இணைப்புப் பெயர் (முகவரியில் அந்தத் தலைப்பைக் குறிக்கும் பகுதி) உருவாக்க, பைத்தானில் சொல் எழுத்து அல்லாததை நீக்கும் வழக்கமான கோட் ஒன்று உண்டு. அதன் கணக்கில் துணைக்குறிகள் சொல் எழுத்தே இல்லை. 'படம்', 'பாடம்' இரண்டையும் கொடுத்தால் இரண்டுமே 'படம' என்று வரும். 'வெவ்வேறு தலைப்புக்கு வெவ்வேறு பெயர்' என்ற ஒரே பண்பை வைத்து இதைப் பிடித்தோம். இன்னொன்று, இரட்டை நட்சத்திரத்துக்குள் '(விதி)' என்று எழுதி, ஒட்டியே 'யின்' சேர்த்தால் காமன்மார்க் விதிப்படி தடித்த எழுத்து வராது. மூடும் நட்சத்திரத்துக்கு முன் நிறுத்தற்குறியும் பின் எழுத்தும் இருப்பதால் அது மூடுவதாகவே கொள்ளப்படாது. இது பார்சரின் தவறில்லை, விதியே அப்படி. வேற்றுமை உருபை ஒட்டி எழுதும் நமக்குத்தான் அடிக்கடி தட்டும். பயனருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தொடங்குபவர்களுக்குப் பைத்தானின் ஹைப்போதீசிஸ் லைப்ரரி போதும்; நீங்கள் சொல்லும் பண்பை, தானே உருவாக்கும் இன்புட்டுகளில் சோதித்துப் பார்க்கும். தவறு கண்ட இன்புட்டைத் தானாகவே சுருக்கியும் தரும். எங்களுக்குத் தவறு காட்டிய இரண்டு பக்க இன்புட் ஒன்று ஐந்து எழுத்தாகச் சுருங்கி வந்தது. அப்படி வந்த ஒவ்வொன்றையும் பழைய டெஸ்டுகளோடு நிரந்தரமாகச் சேர்த்துவிடுகிறோம். தினமும் ராத்திரி ஜெனரேட்டர் பத்து நிமிடம் ஓடுகிறது, காலையில் வந்ததும் முதலில் அதன் முடிவைத்தான் திறந்து பார்க்கிறோம்.