கேண்டிடேட்டா, அபேட்சகரா, வேட்பாளரா?

தமிழ்நாட்டுல சட்டமன்றத் தேர்தல்னு அறிவிச்சுட்டா போதும், இங்க சிங்கப்பூர்ல தேக்கா காப்பிக்கடையிலயும் சரி வாட்ஸ்அப் குரூப்புலயும் சரி, "நம்ம தொகுதிக்கு யாருப்பா கேண்டிடேட்?"ங்கறதுதான் பேச்சு. வேட்பாளர்னு வாயால சொல்றவங்க ரொம்பக் கம்மி, அது பேப்பர்லயும் டிவி செய்தியிலயும் மட்டும் வர்ற வார்த்தையாப் போச்சு. ஆனா தோண்டிப் பாத்தா ரெண்டுக்கும் அடியில ரெண்டு வேற வேற கதை கிடக்கு.

கேண்டிடேட் லத்தீன்லேர்ந்து வந்தது. அங்க கேண்டிடுஸ்னா பளிச்சுனு வெள்ளை. பழைய ரோம்ல பதவிக்கு நிக்கிறவரு தன் மேலங்கிய சுண்ணக்கட்டிப் பொடி போட்டு இன்னும் வெளுப்பாக்கி உடுத்திக்கிட்டு சந்தையில நாலு பேரைப் பாத்துக் கைகுலுக்கப் போவாராம், அதனால அவருக்கு கேண்டிடாடுஸ், அதாவது வெள்ளை உடுத்தினவர்னு பேரு. இப்படி வெளுத்துக்கிட்டு ஓட்டுக் கேக்கக் கூடாதுன்னு அங்க ஒரு காலத்துல சட்டமே போட்டாங்கன்னு லிவிங்கற ரோமானிய வரலாற்றாசிரியர் எழுதி வச்சிருக்கார். மெழுகுவத்திக்குச் சொல்ற கேண்டில், மனசுல பட்டதை மறைக்காம பேசறதுக்குச் சொல்ற கேண்டிட், ரெண்டும் இதே குடும்பந்தான். கேண்டிடேட்டுங்க எவ்வளவு கேண்டிடா பேசுறாங்கங்கறது உங்க தீர்ப்புக்கே விட்டுடறேன். இதுல பாருங்க, ரோமுக்கும் நமக்கும் ஒரு தொடர்பும் இல்ல, ஆனா தமிழ்நாட்டுக் கேண்டிடேட்டு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையிலதான் வர்றாரு, இங்க சிங்கப்பூர்ல ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சிக்காரங்களும் மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளைதான்.

இப்ப தமிழுக்கு வருவோம். வேள்னு ஒரு வேர்ச்சொல், அர்த்தம் விரும்புறது. வேட்கை அதுலேர்ந்துதான் வந்துச்சு. மீள் மீட்பு ஆகுற மாதிரி, கேள் கேட்பு ஆகுற மாதிரி, வேள் வேட்பு ஆகுது, அதோட ஆளர் சேர்ந்தா வேட்பாளர். பதவிய விரும்புறவர், அவ்வளவுதான். வேட்டியிலேர்ந்து வந்ததுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. குறள்லயே இந்தச் சொல்லோட உறவு இருக்கு, சொல்வன்மை அதிகாரத்துல 643: "கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்". கேக்கிறவனைக் கட்டிப்போடணும், கேக்காதவனும் கேக்கணும்னு ஆசைப்படற மாதிரி பேசணும்னு அர்த்தம். பிரசார மேடைக்கு இதுக்கு மேல என்ன சொல்றது. ஆனா குறள்ல விரும்புறது ஜனங்க, வேட்பாளர்ங்கற சொல்லுல விரும்புறது நிக்கிறவர். இந்தத் திருப்பம் எனக்குப் பிடிச்சிருக்கு, துணியப் பாத்து பேர் வச்சவங்களைவிட ஆசையப் பாத்து பேர் வச்ச நம்மாளுங்கதான் விஷயத்தைச் சரியாப் பிடிச்சிருக்காங்க.

இதுக்கு முன்னாடி புழங்குனது அபேட்சகர், தாத்தா காலத்துப் பேப்பர்லயெல்லாம் இதுதான். அபேட்சைங்கற வடசொல்லுக்கும் விருப்பம்னுதான் பொருள், அதனால வேட்பாளர் அதுக்கு நேரான தமிழ். அதுக்கும் முந்திப் போனா இதுக்குச் சொல்லே தேவைப்படல போல, உத்திரமேரூர்க் கல்வெட்டுல சொல்ற குடவோலை முறையில வயசு 35லேர்ந்து 70, சொந்த நிலம், வீடுன்னு தகுதி பாத்து பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வாங்க, யாரும் கும்பிடு போட்டு ஓட்டுக் கேக்க வேண்டியதில்ல.

சுயேச்சைய மட்டும் விட்டுட்டுப் போக முடியாது. சுய + இச்சை, அதாவது தன் விருப்பம். அப்ப சுயேச்சை வேட்பாளர்னா ஆசை ரெண்டு தடவை வருது! கட்சி சீட்டு குடுக்கல, ஆனாலும் நான் நிப்பேன்னு நம்ம ஊர்ப்பக்கம் ஒருத்தர் கெளம்புவாரே, அவருக்கு அப்படியே பொருந்துது. அவரு பத்து பேர்கிட்ட முன்மொழிவுக் கையெழுத்து வாங்கணும், அங்கீகாரம் பெற்ற கட்சி ஆளுக்கு ஒருத்தர் கையெழுத்தே போதும். டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியல் இனம் பழங்குடின்னா 5,000. சில பேர் அதைச் சில்லறையா மூட்டை கட்டிக்கிட்டு வந்து அதிகாரி மேசையில கொட்டுவாங்க, ஆபீஸ் ஆளுங்க ஒவ்வொரு காசா எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, போட்டோக்காரங்களுக்கு அன்னைக்குக் கொண்டாட்டந்தான். மொத்தத்துல செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கலேன்னா அந்தக் காசு திரும்பாது.

1996ல ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில 1,033 பேர் நின்னாங்க, ஓட்டுச்சீட்டு சீட்டா இல்லாம புத்தகமாவே ஆகிப்போச்சு. விவசாயிங்க கோரிக்கைய கவனிக்க வைக்கணும்னு நடந்த போராட்டம் அது, அந்தக் கூட்டத்துல முக்காவாசிப் பேருக்கு எம்எல்ஏ ஆகணும்னு ஒரு ஆசையும் கிடையாது, வேட்பே இல்லாத வேட்பாளருங்க. அப்ப டெபாசிட் 250 ரூபாதான், அதே வருஷம் 5,000 ஆக்கிட்டாங்க.

சிங்கப்பூர்ல 2025 பொதுத்தேர்தலுக்கு ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை (டெபாசிட்) 13,500 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அது திரும்பி வர எட்டுல ஒரு பங்கு ஓட்டு வாங்கணும். மவுண்ட்பேட்டன், ராடின் மாஸ் ரெண்டுலயும் சுயேச்சைங்க நின்னாங்க, ரெண்டுமே தனித்தொகுதி. இந்த இடத்துல ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்க நிச்சயம் குழம்புவாங்க, ஏன்னா தமிழ்நாட்டுல தனித்தொகுதின்னா பட்டியல் இனத்தவருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கின தொகுதி, இங்க தனித்தொகுதின்னா ஒரே ஒரு உறுப்பினர் தொகுதி, பல பேர் ஒரே அணியா நிக்கிற குழுத்தொகுதிக்கு எதிர்ப்பதம். ஒரே வார்த்தை, கப்பல் ஏறினதும் பொருள் மாறிப்போச்சு. இங்கேர்ந்து ஊருக்கு மெசேஜ் போடறப்ப எது எதுன்னு சொல்லிட்டே போடுங்க.

இன்னொண்ணு, கேண்டிடேட்னு வர்ற எடத்துல எல்லாம் வேட்பாளரைப் போட்டுடாதீங்க. வேலைக்கு அப்ளை பண்ணவரு விண்ணப்பதாரர், பரீட்சை எழுதுறவரு தேர்வர். அப்புறம் வேட்ப்பாளர்னு ரெண்டு ப போட்டு பேனர்ல அடிக்கிறாங்க, ட் பக்கத்துல ப் வராது, மீட்பை மீட்ப்புன்னு எழுதுவீங்களா?