குழந்தையின் இதயத்தில் ஓட்டையா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் எந்த அட்டையைக் காட்டுவது

பால் குடிக்கும்போதே நெற்றி வியர்க்கிறது, நாலு வாய் குடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது, எடை ஏறவில்லை, அடிக்கடி நெஞ்சுச் சளி என்றால் "வளர வளர சரியாகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். உதடு நீலமானால் அன்றைக்கே கிளம்புங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும்.

ஓட்டை என்றாலே நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. கீழறைச் சுவரில் உள்ள சின்ன ஓட்டை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும், டாக்டர் சொன்ன தேதியில் எக்கோ பார்த்துவந்தால் போதும். மேலறைச் சுவர் ஓட்டை, பிறந்த பிறகும் மூடாத ரத்தக்குழாய் இவற்றை, இடமும் அளவும் ஒத்துவந்தால், தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டுக் குட்டிக் குடை மாதிரி ஒன்றை வைத்தே அடைத்துவிடுகிறார்கள். பெரிய ஓட்டைகளுக்கும் குழந்தை நீலமாகும் ஃபாலட் கோளாறுக்கும்தான் பெரும்பாலும் திறந்த அறுவை சிகிச்சை. பெரிய ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரங்களிலேயே செய்தாக வேண்டும், அங்கே ஜோசியம் பார்த்து நாள் குறிக்க நேரமில்லை.

சரி, பணம்? 2013இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டை நகல் எடுத்து வையுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் ரேஷன் கார்டு இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. குழந்தையின் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்காமல் வைத்திருப்பவர்கள் நிறைய பேர், அதை முதலில் முடியுங்கள். சந்தேகத்துக்கு 1800 425 3993.

ரெட்டிச்சாவடி தாண்டி கன்னியக்கோயில் பக்கம் குடியிருந்தால் கதை வேறு. அது புதுச்சேரி, தமிழ்நாட்டு அட்டை கேட்க முடியாது. ஆயுஷ்மான் பாரத் அட்டை வேண்டும், அதிலும் 5 லட்சம். ஜிப்மருக்கு இரண்டு பக்கத்துக்காரர்களும் போகிறோம், அங்கே இதய அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது.

தனியார் மருத்துவமனை என்றால் ஒன்று கவனியுங்கள். காப்பீட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, குழந்தைகள் இதய ஆபரேஷனுக்கு அங்கே அனுமதி உண்டா என்று காப்பீட்டு கவுண்டரில் கேட்டு, ஒப்புதல் வந்ததா என்று பார்த்த பிறகு பணம் பற்றிப் பேசுங்கள்.